ஜூன் ஐந்தில் பிறந்தவர்கள்

3 மார்ச் 2025, திங்கள்

இன்று மட்டும் நாற்பத்து மூன்று இரட்டைக் கணக்குகளைச் சேர்த்து முடித்தேன். கண் எரிகிறது. ஆனாலும் ஒரு கட்டு விடைத்தாளைத் திருத்தி முடித்த நிறைவு இருக்கிறது.

ஓய்வு பெற்று ஆறு வருடம் கழித்து இப்படி ஒரு வேலை வரும் என்று நினைக்கவில்லை. கோபியிலிருந்து மலை வரைக்கும் எங்கள் கல்விக் கழகத்துக்கு இருபத்தாறு தொடக்கப் பள்ளிகள். ஒவ்வொரு ஆசிரியரும் வருடத்துக்கு ஐம்பது மணி நேரம் இணையத்தில் பாடம் கேட்டு, கடைசியில் வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, அந்த மணிகளைத் தம் கணக்கில் சேர்க்க வேண்டும். இந்த வருடம் புதிதாக ஒரு விதி. மார்ச் 31க்குள் ஐம்பதைத் தொட்டவர்கள்தான் மே மாத இடமாறுதல் கலந்தாய்வுக்கு வரலாம். செயலாளர் குழந்தைவேலு ஜனவரியிலேயே வீட்டுக்கு வந்துவிட்டார்.

“நீங்க பொறுமையானவிய டீச்சர். மூணே மாசம் இந்தக் கணக்குகள மட்டும் பாத்துக் குடுங்க. எளசுகளுக்கு உட்டா அதுக ஆசிரியருககிட்டச் சண்டைக்குப் போயிருதுக.”

சிக்கல் இதுதான். பாஸ்வேர்டு மறந்துபோனால் நம்மவர்கள் அதை மீட்க மெனக்கெடுவதில்லை. புதிதாக இன்னொரு கணக்கைத் திறந்துவிடுகிறார்கள். வீட்டுச் சாவி தொலைந்ததற்காகப் பக்கத்து மனையில் இன்னொரு வீடு கட்டுவது போல. இருபது மணி இங்கே, பதினைந்து மணி அங்கே என்று கிடக்கிறது. பெயர், இன்ஷியல், பிறந்த தேதி மூன்றும் ஒத்துப்போகிறவர்களைத் திரை மஞ்சளாகக் காட்டுகிறது. பக்கத்தில் ‘இணை’ என்று ஒரு பொத்தான். அழுத்தினால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

வீட்டுக்காரர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தபால் அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் முகவரி படித்த கண்.

“ஏன் சவுந்தரம், உங்க வாத்தியாருக எல்லாம் ஜூன் மாசத்துலயே பொறந்திருக்கறாங்க? மத்த மாசமெல்லாம் பிரசவ ஆஸ்பத்திரிக்கு லீவா?”

“காப்பி ஆறுது. குடிங்க,” என்றேன்.

5 மார்ச், புதன்

மாடித் தொட்டியில் முதல் வெண்டைப் பூ. நான்கு பேருக்குப் பாஸ்வேர்டு மாற்றிக் கொடுத்தேன். ஒருவர் தம்முடையதை நாட்காட்டிக்குப் பின்னால் சுவரில் எழுதி வைத்திருந்தாராம். பொங்கலுக்கு வெள்ளையடித்துவிட்டார்கள்.

7 மார்ச், வெள்ளி

கோபிப் பள்ளியிலிருந்து பொ. மரகதம் என்ற ஆசிரியை போன் செய்தாள்.

“டீச்சர், எனக்குத் தகுதிச் சான்று வந்துருச்சுங்க! அறுபத்திரண்டு மணின்னு காட்டுதுங்க. ஸ்கூல்ல எல்லாருக்கும் லட்டு வாங்கிக் குடுத்துட்டனுங்க.”

“உன்ற உழைப்புக்குக் கெடச்சது அம்மிணி.”

“நாம்பாட்டுக்கு அப்பப்பப் பாத்துட்டிருந்தனுங்க. எத்தனைன்னு எண்ணலீங்க,” என்றாள்.

எண்ணாமல் படிப்பவர்கள்தான் நிறையப் படிக்கிறார்கள் என்று அவளிடம் சொன்னேன். நல்ல பெண். குரல் எங்கோ கேட்டது போல இருந்தது.

10 மார்ச், திங்கள்

நான்கரை மணிக்கு ஒரு போன். குரல் விட்டு விட்டு வந்தது, பின்னால் பலமான காற்று.

“டீச்சர், என்ற கணக்கக் காணமுங்க.”

“காணாமப் போக அதென்ன ஆட்டுக்குட்டியா? போன் நம்பரச் சொல்லு கண்ணு.”

சொன்னாள். தட்டிப் பார்த்தேன். ‘இந்த எண்ணில் கணக்கு இல்லை’ என்று வந்தது. பெயர் கேட்டேன். பொ. மரகதம், மேல்தொட்டி மலைப்பள்ளி.

பள்ளியில் சிக்னல் கிடையாதாம். பள்ளி விட்டதும் ஒன்றரை மைல் ஏறி, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஒரு பாறை, அங்கேதான் இரண்டு கோடு வருமாம். மழை நாளில் குடையைப் பிடித்துக்கொண்டு கேள்விகளுக்குப் பதில் போட்டிருக்கிறாள். நாற்பத்தாறு மணி சேர்த்துவிட்டாள். இன்னும் நான்குதான் பாக்கி.

“மகளக் கோபி ஹாஸ்டல்ல உட்டுருக்கறனுங்க. ஏழாவது. மலையில அஞ்சாவதுக்கு மேல கெடையாதுங்களே. மாசத்துக்கு ரெண்டு ஞாயித்துக்கெழமதான் பாக்கறது. போன தடவ போனப்ப என்னயப் பாத்து ‘வாங்க’ன்னு சொல்றாளுங்க. ஊட்டுக்கு வந்த ஒறம்பரையக் கூப்படற மாதிரி. இந்தக் கலந்தாய்வுல எப்படியாச்சும் எறங்கீரலாம்னு...”

காற்று அவள் பேச்சைக் கொண்டுபோயிற்று. திரும்ப வந்தபோது கேட்டாள்: “நீங்க காரைப்பள்ளத்துல ஒண்ணாப்பு எடுத்த சவுந்தரம் டீச்சருங்களா?”

“ஆமா. நான் பாத்துச் சொல்றன் கண்ணு,” என்று வைத்துவிட்டேன்.

கணினி ஏதோ குழப்பம் செய்திருக்கிறது. நாளை கோவைக்குப் போன் செய்ய வேண்டும். இந்த இணையதளத்தைக் கட்டியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

11 மார்ச், செவ்வாய்

கோவையில் பிரபாகர் என்பவர் பேசினார். பொறுமையான மனிதர். கணினி தானாக எந்தக் கணக்கையும் அழிக்காது என்றார். மூன்றாம் தேதி பதினொன்று நாற்பதுக்கு ‘இணை’ அழுத்தப்பட்டிருக்கிறது என்றார். யார் அழுத்தியது என்றும் பதிவாகியிருக்குமாம். நான் அதைக் கேட்கவில்லை.

மதியம் சாப்பாடு இறங்கவில்லை. ரசம் புளிப்பாக இருந்தது என்று அவரிடம் சொன்னேன்.

13 மார்ச், வியாழன்

எழுதிவிடுகிறேன். அழுத்தியது நான்தான்.

முதல் முப்பது ஜோடிக்குப் பள்ளியையும் போன் எண்ணையும் சேர்த்துப் பார்த்தேன். அதன் பிறகு பழக்கமாகிவிட்டது. மஞ்சள் தெரிந்தால் கை தானாகப் போயிற்று. கோபிப் பள்ளி, மேல்தொட்டிப் பள்ளி என்று இரண்டு இருந்ததைப் பார்த்தேன். மாறுதலில் போயிருப்பாள் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். பொ. மரகதம், 5.6.1984. பொ. மரகதம், 5.6.1984. ஒருத்திதான் என்று முடிவு கட்டினேன்.

இருவர். கோபியிலிருப்பவளுக்கு இருபத்தேழு மணி, மலையிலிருப்பவளுக்கு நாற்பத்தாறு. இருவரும் கேட்ட பொதுப் பாடங்கள் பதினொரு மணி, அவற்றைக் கணினி ஒருமுறைதான் எண்ணும். அதனால் அறுபத்திரண்டு. பழைய கணக்கு கோபிக்காரியுடையது என்பதால் எல்லாம் அவள் பெயரில் போய்விட்டது. ஒருத்தி பாறையில் ஏறியதற்கு இன்னொருத்தி லட்டு கொடுத்திருக்கிறாள்.

பிரபாகரிடம் கேட்டேன்: “தம்பி, ரெண்டு டம்ளர் மோர ஒரே சொம்புல ஊத்திப்புட்டேன். பிரிக்க முடியுமா?”

சிரித்தார். “மோர் இல்லைங்க மேடம். ஒவ்வொரு பாடத்துக்கும் தனி எண் இருக்கு.”

அப்படியானால் புளியங்கொட்டை. இரண்டு பிள்ளைகளின் கொட்டை ஒரே டப்பாவில் கொட்டிவிட்டது. உட்கார்ந்து பொறுக்கினால் பிரித்துவிடலாம். ஆனால் புதுக் கணக்கு திறந்து பாடங்களை மாற்ற வேண்டுமானால், இவர்கள் இரண்டு வேறு வேறு ஆட்கள் என்று செயலாளர் அத்தாட்சியோடு கடிதம் தர வேண்டும்.

மார்ச் 31க்குப் பதினெட்டு நாள்.

14 மார்ச், வெள்ளி

குழந்தைவேலு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஒரே பேரு. ஒரே இன்ஷியல். ஒரே பொறந்த தேதி. படிச்ச பள்ளிக்கூடமும் ஒண்ணு. காகிதத்துல பாத்தா ஒரே ஆளுதானுங்க டீச்சர். ஒருத்தியே ரெண்டு சம்பளம் வாங்கறான்னு நாளைக்கு எவனாச்சும் பெட்டிசன் போட்டான்னா?”

“ரெண்டு பேரும் உயிரோட இருக்காங்க. கூட்டியாந்து நிறுத்தட்டுமா?”

“நிறுத்துங்க. காகிதமும் கொண்டாங்க.” பிறகு குரலை இறக்கிக் கேட்டார். “அதெப்புடிங்க ரெண்டு பேருக்கும் அதே தேதி?”

பேனா மூடியைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

16 மார்ச், ஞாயிறு

மாதத்தில் மூன்றாவது ஞாயிறு, ஹாஸ்டலுக்கு வரும் நாள். மலை மரகதம் மகளைப் பார்த்துவிட்டு அப்படியே என் வீட்டுக்கு வந்தாள். கோபி மரகதத்தையும் வரச் சொல்லியிருந்தேன். மணிகள் கலந்துபோனதை மட்டும் அவளிடம் போனில் சொல்லியிருந்தேன்.

இருவரும் வாசலில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“ஏ... சின்னது!”

“பெருசு! நீயா? அடியே, இத்தன வருசமாக் கோபியிலயா குப்ப கொட்டற?”

காரைப்பள்ளத்து அம்மன் பெயர் மரகதவல்லி. வீட்டுக்கு வீடு ஒரு மரகதம் உண்டு. இந்த இரண்டு பேரின் அப்பாக்களும் பொன்னுசாமிகள். வகுப்பில் உயரத்தைப் பார்த்துப் பெரிய மரகதம், சின்ன மரகதம் என்று கூப்பிட்டவள் நான்தான். ஐந்தாவது முடித்துப் பிரிந்தவர்கள். இருவரும் டீச்சராகி, ஒரே கழகத்தில் பதினைந்து மைல் தூரத்தில் வேலை செய்கிறார்கள். ஒருவருக்கு ஒருவர் தெரியாது.

பெரியவள் உட்காரவே இல்லை. “டீச்சர், எனக்கு அன்னைக்கே கொஞ்சம் சந்தேகமுங்க. நா எங்க அறுபது மணி பாத்தேன்? மாமியா படுத்த படுக்கை, பாதிப் பாடத்துல எந்திரிச்சுப் போயிருவேன். ஆனா சான்று வந்துதா, எல்லாரும் கை குடுத்தாங்களா... இருந்துட்டுப் போகட்டும்னு உட்டுட்டனுங்க.” சின்னவள் பக்கம் திரும்பினாள். “உன்ற மணின்னு தெரியாது புள்ள. சத்தியமா.”

“லட்டு நல்லா இருந்துச்சா?” என்றாள் சின்னவள்.

“நெய் பத்தல.”

மூவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். சின்னவள் தன் பணிக் குறிப்பேட்டைக் கொண்டுவந்திருந்தாள். ஒவ்வொரு பாடத்துக்கும் தேதி, நேரம், பக்கத்தில் ‘பாறை’, ‘பாறை, மழை’, ‘பாறை, யானைச் சத்தம், பாதியில் இறங்கினேன்’ என்று குறிப்பு. ஒரு மணி நேரத்தில் புளியங்கொட்டைகள் பிரிந்துவிட்டன. பொதுவான பதினொரு மணிதான் மிஞ்சியது. ஒரு பாடத்துக்கு ஒரு பதிவுதான் இருக்கிறது. ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்கு இல்லை.

சின்னவள் குறிப்பேட்டின் பக்கங்களைப் புரட்டினாள். அது போனால் அவளுக்கு முப்பத்தைந்து. மீதிப் பதினைந்து மணியை இரண்டு வாரத்தில், அந்தப் பாறையில் ஏறி முடிக்க முடியாது.

“அவளுக்கே போடுங்க டீச்சர்,” என்றாள் பெரியவள். “நா வீட்டுல உக்காந்து மின்விசிறிக்கு அடியில பாத்தது. எங்க பாத்தா என்ன, மறுக்காப் பாத்துக்கறேன். கலந்தாய்வுக்கும் நாம் போகல.”

“பதினொரு மணி புள்ள. சும்மா இல்ல.”

“லட்டுக்குக் கழிச்சுக்க.”

அத்தாட்சிக்கு என்ன செய்வது என்று சின்னவள் கேட்டாள். ஒரே இடம்தான் இருக்கிறது. காரைப்பள்ளம் பள்ளியின் 1989 சேர்க்கைப் பதிவேடு. நானே போய்ப் பார்க்கிறேன் என்றேன். யாரையும் கூட வரச் சொல்லவில்லை.

18 மார்ச், செவ்வாய்

பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். இப்போதைய தலைமையாசிரியர் பீரோவின் அடித்தட்டிலிருந்து எடுத்துத் தந்தார். அட்டையை எலி கடித்திருந்தது. உள்ளே என் கையெழுத்து. அப்போது ‘ம’வுக்கு ஒரு அநாவசிய வளைவு போடுவேன்.

வரிசை எண் 41, பொ. மரகதம், 5.6.84. வரிசை எண் 42, பொ. மரகதம், 5.6.84.

அன்று 1989 ஜூன் ஐந்து, திங்கள்கிழமை, பள்ளி திறந்த நாள். யார் கையிலும் பிறப்புச் சான்று கிடையாது. பிள்ளை வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது. தொட்டதும் அன்றைய தேதியில் ஐந்து வருடத்தைக் கழித்து எழுதுவோம். அந்தக் காலை ஐம்பது பிள்ளைகளுக்காவது அப்படி எழுதியிருப்பேன். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். அவர் கேட்ட பிரசவ ஆஸ்பத்திரிக் கேள்விக்குப் பதில் இதுதான்.

ஆனால் எல்லாவற்றையும் எழுத வேண்டும் அல்லவா? பெரியவள் காதைத் தொட்டது மட்டுமில்லை, முழுக் காதையும் பிடித்து இழுத்தாள். ஆறு வயதுக்கு மேல் இருக்கும். சின்னவளுக்கு விரல் எட்டவில்லை. அவள் அம்மா மஞ்சள் காட்டுக்குப் போகிறவள், இடுப்பில் இன்னொரு குழந்தை. ‘அடுத்த வருசம் கூட்டியா’ என்று சொன்னால் அந்தப் பிள்ளை அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு காட்டு வரப்பில்தான் நிற்கும். அடுத்த வருடம் வராது. அப்படி வராமல் போனவர்களை எனக்குத் தெரியும். அன்றைய தலைமையாசிரியர் அந்தப் பக்கம் திரும்பியபோது நான் அவள் தலையை மெல்லச் சாய்த்துவிட்டேன். விரல் காதில் பட்டது. ஒருத்தியைக் குறைத்து, ஒருத்தியைக் கூட்டி, இருவரையும் ஒரே நாளில் பிறக்க வைத்துவிட்டேன்.

வேலையிலிருந்து சின்னவளை அந்த ஜூன் கணக்குப்படிதான் அனுப்புவார்கள். அவள் உண்மையான வயதுக்குச் சில மாதம் முன்பே.

கடைசிக் கட்டத்தில் ‘அங்க அடையாளம்’. அதை மட்டும் பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்து எழுதியிருக்கிறேன். 41: வலது புருவத்தில் தழும்பு. 42: இடது மணிக்கட்டில் மச்சம், கழுத்தில் ஒரு மச்சம்.

இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துக்கொண்டேன். தலைமையாசிரியர் முத்திரை வைத்து நகல் கொடுத்தார்.

20 மார்ச், வியாழன்

நகலோடு என் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். பள்ளியையும் போன் எண்ணையும் ஒப்பிடாமல் நானே இணைத்துவிட்டேன், தவறு என்னுடையது என்று எழுதியிருந்தேன்.

“இந்தக் கடுதாசி எதுக்குங்க? கணினிக் கோளாறுன்னு ஒரு வரி போட்டாப் போதுமே. உங்க பேரு எதுக்குக் கெடோணும்?” என்றார் குழந்தைவேலு சார்.

“கணினி என்னங்க பண்ணுச்சு, பாவம். இருக்கட்டும்.”

பதிவேட்டைப் பார்த்தார். தேதிகளின் மேல் விரல் வைத்தார். இந்த முறை நான் குனியவில்லை.

“நான் போட்ட தேதிகதானுங்க. ரெண்டும்.”

அவர் நகலை மடித்தார். பிறகு, “எனக்கு ஜூன் ரெண்டுங்க,” என்றார். “எங்கம்மாவக் கேட்டா, தைப்பொங்க நோம்பிக்கு மொத நாள்ம்பாங்க.” கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

24 மார்ச், திங்கள்

கோவையிலிருந்து பதில் இல்லை. வெண்டைச் செடியில் எறும்பு. பன்னிரண்டு பேருக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்தேன். ஒவ்வொருவரிடமும் எந்தப் பள்ளி, எந்த எண் என்று இரண்டு முறை கேட்டேன். ஒருவர் கோபித்துக்கொண்டார்.

26 மார்ச், புதன்

இன்னும் இல்லை. மலையிலிருந்து தினமும் நான்கரைக்குப் போன் வருகிறது. “வந்துருச்சுங்களா?” என்ற ஒரு சொல். “இல்ல கண்ணு” என்ற ஒரு சொல். அதற்காக ஒன்றரை மைல் ஏறுகிறாள்.

28 மார்ச், வெள்ளி

அனுமதி வந்தது. பிரபாகர் போனில் இருக்க, நான் புதுக் கணக்கைத் திறந்தேன். பொ. மரகதம், 5.6.1984 என்று தட்டியதும், ‘இந்த விவரங்களில் ஏற்கெனவே ஒருவர் உள்ளார்’ என்று மறுத்துவிட்டது.

“ஏதாவது ஒண்ணு மாறணும் மேடம். இன்னொரு இன்ஷியல் சேர்க்கலாமே? அம்மா பேரோட முதல் எழுத்து. இங்க அதுக்கு இடம் இருக்கு.”

நான்கரைக்குப் போன் வந்ததும் கேட்டேன்.

“ராமாத்தாளுங்க,” என்றாள். “ஏனுங்க, அம்மா பேரெல்லாம் கேப்பாங்களா?”

என் பதிவேட்டில் அதற்குக் கட்டமே இருந்ததில்லை. ரா. பொ. மரகதம் என்று எழுதினேன். கணினி ஏற்றுக்கொண்டது. பாடங்களை ஒவ்வொன்றாக எண் பார்த்து மாற்றினோம். நாற்பத்தாறு மணி. கோபிக் கணக்கில் பதினாறு.

30 மார்ச், ஞாயிறு

நான்கு மணி நேரப் பாடம் பாக்கி. சின்னவள் காலை பஸ்ஸிலேயே இறங்கி வந்துவிட்டாள். எங்கள் வீட்டு வைஃபையில் படம் நிற்காமல் ஓடுவதை அவளால் நம்ப முடியவில்லை. பெரியவளும் வந்து எதிரில் உட்கார்ந்து தன் பதினேழாவது மணியைத் தொடங்கினாள். அவர் இருவருக்கும் காப்பி போட்டார்.

“பரீட்சைக்குப் படிக்கற புள்ளைக மாதிரியே இருக்குது. டீச்சர் பிரம்பு எங்கீங்க?” என்றார்.

மதியம் இடைவெளியில் சின்னவளிடம் காது விஷயத்தைச் சொல்லிவிட்டேன். தலையைச் சாய்த்ததை, கூட்டிப் போட்ட மாதங்களை, அதனால் முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பப்படப் போவதை. மன்னிப்புக் கேட்கும் முறை எனக்குச் சரியாக வரவில்லை. சொல்லிக்கொண்டே முருங்கைக்கீரையை ஆய்ந்தேன்.

“எங்கம்மா சொல்லியிருக்குதுங்க,” என்றாள். “‘டீச்சரு உன்ற தலயப் புடிச்சு வளைச்சாங்க, நாம் பாக்காத மாதிரி நின்னுக்கிட்டேன்’னு. எனக்குத்தான் தெரியுமே. நா தீவாளிக்கு மறுநா பொறந்தவளுங்க.” ஒரு கீரைத் தண்டை எடுத்து உருவினாள். “ஒரு வருசம் கழிச்சுன்னா தம்பியத் தூக்கீட்டு நின்னுருப்பனுங்க. அப்பறம் எந்தக் கணக்கு, எந்த மணி?”

கடைசிக் கேள்வித்தாளில் ஒரு பதிலைத் தவறாகப் போட்டுத் திரும்ப எழுதினாள். மாலை நான்கு பத்துக்கு ஐம்பது என்று காட்டியது. பெரியவள் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். லட்டு.

“இது நெய் போட்டது,” என்றாள்.

31 மார்ச், திங்கள்

மறுபடி ஒருமுறை திறந்து பார்த்தேன். ஐம்பது இருக்கிறது.

5 ஜூன், வியாழன்

இணையதளம் இன்று காலை தானாகவே பதினேழு ஆசிரியர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பியிருக்கிறது. காரைப்பள்ளத்தில் படித்தவர்கள் அதில் ஆறு பேர்.

21 அக்டோபர், செவ்வாய்

தீபாவளிக்கு மறுநாள். வாசலில் பட்டாசுக் காகிதத்தைக் கூட்டி அள்ளிவிட்டு, காலை ஏழு மணிக்குச் சின்ன மரகதத்துக்குப் போன் செய்தேன். எடுத்தது அவள் மகள் தர்ஷினி. காற்றுச் சத்தம் இல்லை. பின்னால் குக்கர் முனகிக்கொண்டிருந்தது.

“அம்மா இருக்காளா கண்ணு?”

“சமையக்கட்டுல இருக்குதுங்க. என்னங்க டீச்சர்?”

“பொறந்தநாள் வாழ்த்துச் சொல்லோணும்.”

“அம்மாவுக்குங்களா? அது ஜூன்லங்க. கோபியில இந்த ஊட்டுக்கு வந்தவொடனே கேக்கெல்லாம் வெட்டிட்டமுங்களே!”

“அது நான் எழுதுன தேதி கண்ணு. இது உங்கம்மாவ உங்க அமுச்சி பெத்த தேதி.”

அவள் போனைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடினாள்.

“அம்மோவ்! எங்கிட்டச் சொல்லவே இல்ல பாத்தியா!”